நாளின் புனிதம்

ஒரு நாள் மற்றொரு நாளைவிட உயர்ந்ததாக இருக்கக்கூடுமா என்பது சிறுவர்கள் கேட்கும் கேள்வியாகத் தோன்றினாலும், பெரிய சமயங்கள் யாவும் அதன் முன்னே ஏதோ ஒரு கட்டத்தில் தயங்கி நின்றிருக்கின்றன. எங்கும் நிறைந்தவன் என்று கடவுளைச் சொல்லிவிட்ட பிறகு ஒரு தலத்தை மட்டும் திருத்தலம் என்பது எவ்வளவு சங்கடமோ, எக்காலத்தும் உள்ளவன் என்று சொல்லிவிட்ட பிறகு ஒரு தினத்தை மட்டும் திருநாள் என்பதும் அவ்வளவு சங்கடந்தான். தலத்தின் விஷயத்திலாவது நாம் ஒருவாறு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மண் அங்கேயே இருக்கிறது, கோபுரம் அங்கேயே இருக்கிறது, போனால் காணலாம். நாளோ வந்த சுவடு தெரியாமல் போய்விடுவது. போன ஆண்டு மாசி மகம் இனி ஒருபோதும் வரப்போவதில்லை. வருவது வேறொரு மாசி மகம். அப்படியிருக்க, அதே நாள் திரும்பி வந்துவிட்டதென்று ஊர் முழுவதும் தோரணம் கட்டுகிறோமே, அந்தத் திரும்பி வருதல் வானத்தில் நிகழ்கிறதா, மனிதருடைய மனத்தில் நிகழ்கிறதா?

இதை நூல்களை மாத்திரம் வைத்துக்கொண்டு விசாரித்தவர்கள் பலர். அந்த வழியைவிட, சோழ நாட்டுக் கடற்கரையில் வேளாங்கண்ணி தொடங்கி நாகப்பட்டினம், நாகூர் வழியாகத் திருமலைராயன்பட்டினம் முடிய உள்ள, ஒரு பகற்பொழுதில் கால்நடையாகவே கடந்துவிடக்கூடிய சிறு தொலைவில் ஜனங்கள் நாட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்பது எனக்கு அதிகத் தெளிவு தருவதாகத் தோன்றுகிறது. ஏனெனில் ஒரே கடல், ஒரே வாடைக்காற்று, ஒரே மணல். ஆனால் காலத்தை அளக்கும் கோல்கள் மூன்று. ஒன்று சந்திரனை மட்டும் நம்புவது. மற்றொன்று சூரியனை மட்டும் நம்புவது. மூன்றாவது இரண்டையும் சேர்த்துப் பிடித்து நட்சத்திரத்தையும் சாட்சிக்கு அழைப்பது. இம்மூன்றும் ஒன்றோடொன்று இணங்குவதில்லை; இணங்க வேண்டும் என்று அந்தக் கரையில் எவரும் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

நாகூரை முதலில் எடுத்துக்கொள்வோம். வெட்டாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே அமைந்த இந்தச் சிறு பட்டினம், 16-ஆம் நூற்றாண்டில் வடநாட்டு மாணிக்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பல தேசங்களைச் சுற்றி வந்து, இங்கே தங்கி, இங்கேயே அடக்கமான ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் உலகம் அறிந்த ஊர். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கரின் தீராப் பிணியை அவர் தீர்த்தார் என்பதும், அதற்காக மன்னர் நிலம் வழங்கினார் என்பதும் ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்ததாகிய 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் என்பது சரித்திரம். ஆண்டகை மறைந்த ஜமாதுல் ஆகிர் மாதத்தில் 14 நாள் கந்தூரி நடைபெறுகிறது. கொடியேற்றத்துக்கு முன்பே மினாராக்களின்மேல் பாய்மரம் ஏற்றிவிடுவார்கள். கப்பல் வடிவத்தில் ஜோடித்த ரதங்களில் கொடிகள் நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வந்து அந்தப் பாய்மரங்களில் ஏறும். மரக்கலத்தால் பிழைத்த மரக்காயர் சமூகம் தன் ஞானியின் தலைவாசலையே ஒரு கப்பலாகக் கண்டு, அதற்குப் பாய்மரம் நாட்டியதில் வியப்பில்லை. கடல் கடந்து போன அதே மரக்காயர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இந்தத் தர்காவின் சாயலில் நினைவிடங்கள் எழுப்பியதிலும் வியப்பில்லை. பிறை பத்தின் இரவில் நாகையில் அபிராமி அம்மன் திருவாசலிலிருந்து சந்தனக்கூடு புறப்படுகிறது. தாரை தப்பட்டை முழங்க, வழியெல்லாம் சாதி சமயம் பாராத கூட்டம் தொடர, அது விடியும் வேளையில் நாகூர் வந்து சேர்ந்ததும் ஆண்டகையின் அடக்கத்தலமாகிய ரவுலாவில் சந்தனம் பூசப்படுகிறது. முஸ்லிம் ஞானியின் சந்தனம் அம்மன் பெயர் கொண்ட வாசலில் பயணம் தொடங்குவதைப் பிற ஊரார் அதிசயமாகப் பேசுவதுண்டு. நாகை வாசிகள் அதை ஒரு தெருவின் அடையாளமாக மட்டுமே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் கந்தூரிக்குப் பருவம் கிடையாது என்பதுதான் நம் கேள்விக்கு வேண்டிய செய்தி. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாட்களே உடையதாதலால், சூரிய ஆண்டைப் பார்க்க ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய 11 நாள் முந்திக்கொண்டு விடுகிறது. 2010-இல் வைகாசி பிறக்கும் வேளையில், அனல் காற்று வீசும்போது ஏறிய கொடி, 2022-இல் மார்கழிக் குளிரில் டிசம்பர் 24-ஆம் தேதி ஏறிற்று. ஐப்பசி அடைமழையில் சந்தனக்கூடு நனைந்து வரும் வருஷங்களும் உண்டு. மீன்பிடித் தடைக்காலத்தில், கரையில் படகுகள் வரிசையாக ஓய்ந்து கிடக்க, கடைக்காரர் முகத்தில் மட்டும் களையில்லாமல் நடக்கும் வருஷங்களும் உண்டு. ஏறத்தாழ 33 வருஷத்தில் கந்தூரி ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். நாகூரிலேயே பிறந்து அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர் தம் ஆண்டகையின் நாளை ஒவ்வொரு பருவத்திலும் இருமுறை கண்டிருப்பார்.

இது கணக்கறியாமையால் நேர்ந்த நிலையன்று. இஸ்லாத்துக்கு முற்பட்ட அரேபியர், யாத்திரைக்கும் சந்தைக்கும் அனுகூலமாகப் பருவம் பிசகாதிருக்கும் பொருட்டு, சில ஆண்டுகளில் ஒரு மாதத்தை அதிகப்படியாகச் சேர்த்து வந்தனர். நம் நாட்டுச் சாந்திரமானப் பஞ்சாங்கக்காரர்கள் இன்றும் அதிக மாதம் சேர்ப்பதைப் போலவேதான். திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் அந்த வழக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்து நிறுத்தியது. இறைவன் விதித்த மாதங்கள் பன்னிரண்டு. மனிதன் தன் விளைச்சலுக்கும் வியாபாரத்துக்கும் ஏற்றபடி அவற்றை இழுக்கவும் நீட்டவும் கூடாது என்பது அதன் கருத்து. அறுவடை முடிந்து கையில் பணம் புரளும் காலத்தில் மட்டுமே விழா வருமாறு பார்த்துக்கொள்ளும் நமக்கு இந்தக் கண்டிப்பு முதலில் சற்றுக் கடுமையாகப் படும். ஆனால் யோசித்துப் பார்த்தால், வசதியான பருவத்தில் மட்டுமே கடவுளைச் சந்திப்பதென்று ஏற்பாடு செய்துகொண்ட பக்தியில் ஒரு குறையுண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மற்ற நிலங்களுள் சிலவற்றுக்கு இன்ன பருவம் என்று பெரும்பொழுதை வகுத்துக் கொடுத்தவர், நெய்தலுக்கு எற்பாடு என்னும் சிறுபொழுதை மட்டும் கூறி, பெரும்பொழுது எதுவென்று சொல்லாமல் விட்டுவிட்டார். ஆதலால் ஆறு பருவமும் அந்நிலத்துக்கு உரியவை என்று உரையாசிரியர்கள் கொண்டனர். கார் முதல் முதுவேனில் ஈறாக ஆறு பருவத்தையும் சுற்றிவரும் ஒரு திருவிழா ஒரு நெய்தல் ஊரில் வந்து வேரூன்றியதை, இலக்கணத்துக்கும் சமயத்துக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்று அறிந்திருந்தும், நான் ஒரு திருப்தியுடன் நினைத்துக்கொள்வதுண்டு.

தெற்கே வேளாங்கண்ணி இதற்கு நேர்மாறு. ஆகஸ்டு 29-இல் கொடியேற்றம், செப்டம்பர் 8-இல் தேவமாதாவின் பிறந்த நாள். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தேதி அசையாது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கரை சேர்ந்ததும் செப்டம்பர் 8-ஆம் தேதியில்தான் என்று அத்தலத்து மரபு கூறுகிறது. காவியுடுத்துக் கால்நடையாக வரும் யாத்திரிகர் கூட்டத்துக்கு அந்தத் தேதி மலையைப் போல் நிலையானது. ஆயினும் அந்த நிலையான தேதியும் ஒருமுறை நகர்ந்ததுதான். 1582-இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி பஞ்சாங்கத்தைத் திருத்தியபோது, அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று ஆணையிட, இடையில் பத்துத் தேதிகள் ஒருவரும் வாழாமலே கழிந்தன. அதற்கு முந்திய செப்டம்பர் 8-உம் பிந்திய செப்டம்பர் 8-உம் சூரியனுடைய கணக்கில் ஒரே நாளல்ல. தேவமாதாவின் பக்தர்களுக்கோ ஒரே நாள்தான்.

நம்முடைய பஞ்சாங்கமோ இந்த விஷயத்தில் மிகவும் ரசமானது. உத்தராயணப் புண்ணிய காலம் என்று தை முதல் நாளில் நாம் நீராடும்போது, சூரியன் வடக்கே திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நட்சத்திர மண்டலத்தை வைத்து ஆண்டைக் கணிப்பதால் சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவங்களைவிட்டு நம் மாதங்கள் விலகிக்கொண்டே வருகின்றன. வாக்கியம், திருக்கணிதம் என்னும் இரு கணக்குகளுக்குள் நடக்கும் சண்டையில் சனீசுவரன் ஒரே ராசிக்கு இருவேறு தேதிகளில் பெயர்ச்சியாகிறார். இதைக் கண்டு நகைக்கும் முஸ்லிம் அன்பருக்கு, பிறை தெரிந்ததா இல்லையா என்று ஆண்டுதோறும் எழும் விவாதத்தை நினைவூட்டினால் அவரும் நம்மோடு சேர்ந்து நகைப்பார். திரும்பி வரும் நாள் எது என்பதில் வானமே ஒரு முடிவு சொல்லியிருந்தால் இத்தனை விவாதத்துக்கு இடமேது?

எனினும் வானத்தை முற்றிலும் ஒதுக்கிவிடவும் இயலாது. கடற்கரையில் வாழ்பவர்களிடம் சந்திரனுக்கு வேலையில்லை என்று சொன்னால் அவர்கள் நம்மைப் பைத்தியக்காரர் என்பார்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றம் அதிகம், வற்றமும் அதிகம். நிலாக் காலத்தில் சிலவகை மீன்கள் வலையில் விழுவது குறைவு என்பது அவர்களுடைய நித்திய அனுபவம். மாசி மகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையும் அதன் பின்வாடையும் ஓய்ந்து, கோடை இன்னும் தொடங்காமல், வங்கக் கடல் ஆண்டிலேயே மிகவும் அமைதியாக இருக்கும் காலம் மாசி. அந்த மாதத்துப் பௌர்ணமியையொட்டி மகம் வருகையில் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்குக் கடற்கரை சேர்கின்றனர். சுவாமியைத் தோளில் சுமந்து அலைக்குள் இறங்குவதற்கு ஐப்பசிக் கடலைத் தேர்ந்தெடுக்காத முன்னோர்கள் வெறும் சாஸ்திரம் மட்டும் அறிந்தவர்களல்லர்.

திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் அன்று கருட வாகனத்தில் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அவருடைய தேவியருள் ஒருத்தியாகிய பத்மினி நாச்சியார் மீனவர் குலத்துப் பெண் என்பது தலபுராணம். ஆகையால் பட்டினச்சேரி மீனவர்கள் பெருமாளை மாப்பிள்ளை என்றே அழைத்து, தங்கள் தோளில் சுமந்து கொண்டாடுகிறார்கள். பரம்பொருளை மாப்பிள்ளை என்று கூவி அழைப்பதற்கு வேதாந்தத்தில் ஆதாரம் தேடுவோர் தேடட்டும். நான் கவனிப்பது வேறு. பெருமாள் திருக்கண்ணபுரத்தில் ஆண்டு முழுவதும் இருக்கிறார். மாமனார் வீட்டார் வேண்டும்போதெல்லாம் போய்ச் சேவித்துவிட்டு வரலாம். ஆனால் அவர் மாப்பிள்ளையாக இவர்கள் வாசலுக்கு வருவது அந்த ஒரு நாளில்தான். அந்த நாளன்று வலை காய்கிறது. படகு மணலில் கிடக்கிறது. ஒரு நாள் பாட்டை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் இவர்கள் மாப்பிள்ளையைச் சுமக்கிறார்கள்.

இவ்விடத்தில் எதிர்வாதத்தையும் கேட்டாக வேண்டும். அந்த எதிர்வாதம் நாத்திகரிடமிருந்து வருவதன்று. சமயங்களின் உள்ளிருந்தே வருகிறது. இதே கடற்கரையின் தென்முனையில் வேதாரணியம் என்று இன்று வழங்கும் திருமறைக்காட்டில், மதுரைக்குப் புறப்பட்ட திருஞானசம்பந்தரை நோக்கி, நாளும் கோளும் நன்றாயில்லை, இப்போது போக வேண்டாம் என்று திருநாவுக்கரசர் தடுத்தார் என்றும், அதற்கு விடையாகவே சம்பந்தர் கோளறு பதிகம் பாடினார் என்றும் வரலாறு. அடியாருக்கு எல்லா நாளும் நல்ல நாளே என்பது அப்பதிகத்தின் துணிபு. சைவ சித்தாந்தமும் காலத்தை மாயையில் தோன்றிய தத்துவங்களுள் ஒன்றாக, சடமாகவே வைத்திருக்கிறது. சடப்பொருளுக்குப் புனிதம் ஏது? கிறிஸ்தவர்களிலோ, நாட்களையும் மாதங்களையும் பருவங்களையும் அனுசரிக்கிறீர்களே என்று கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் வருந்திக் கடிந்துகொண்டார். முஸ்லிம்களுள்ளும் கந்தூரியை மார்க்கத்துக்குப் புறம்பானதென்று விலக்குவோர் இன்று தமிழ்நாட்டில் கணிசமாக இருக்கிறார்கள். லைலத்துல் கத்ர் போன்ற இரவுக்கு இறைவனே மேன்மையை அளித்தான், ஆண்டகையின் நாளுக்கு அதை அளித்தது யார் என்று அவர்கள் கேட்பது அற்பமான கேள்வியன்று. ஆக, நாளைக் கொண்டாடிய அதே சமயங்கள் நாளைச் சந்தேகிக்கவும் செய்திருக்கின்றன. இந்தச் சந்தேகத்தை நான் அவற்றின் பலவீனமாகக் கருதவில்லை.

கோளறு பதிகம் பாடிய சம்பந்தரையே சைவர்கள் வைகாசி மூலத்தில் குருபூஜை செய்து வழிபடுகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது விஷயம் இன்னும் சிக்கலாகிறது. நாகையைச் சேர்ந்த அதிபத்த நாயனாரிடம் அந்தச் சிக்கல் அவிழ்வதற்கு ஒரு நுனி கிடைக்கிறது. நுளைப்பாடியில் பரதவர் தலைவராயிருந்த அவர், ஒவ்வொரு நாளும் வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவதை விரதமாகக் கொண்டிருந்தார். காலம் மாறி, ஒரு நாளைக்கு ஒரே மீன் மட்டும் கிடைக்கத் தொடங்கியபோதும் அந்த ஒன்றையே விட்டுவிட்டுப் பட்டினியோடு வீடு திரும்பினார். கடைசியில் ஒரு நாள் பொன்னும் மணியுமாகிய மீன் ஒன்று வலையில் வந்தது. அதையும் கடலில் விட்டார். சேக்கிழார் விரித்துரைக்கும் இந்தச் சரித்திரத்தில் அதிபத்தருக்கென்று தனியாக ஒரு திருநாள் கிடையாது. திதி, வாரம், நட்சத்திரம் ஒன்றும் அவர் பார்த்ததாக இல்லை. மீன் பட்ட நாளும், படாத நாளும், பொன் மீன் பட்ட நாளும் அவருக்கு ஒன்றே. ஆனால் நாகைக் கடற்கரை மீனவர்கள் அவருக்கென்று ஆவணி ஆயில்யத்தை நாளாக நிறுத்தி, தங்க மீனைக் கடலில் விடும் விழாவை நடத்துகிறார்கள். நாள் பாராத அடியாருக்கு நாள் பார்த்து விழா என்றால் முரண்பாடாகத்தான் தோன்றும். எனக்கு அது முரண்பாடாகப் படவில்லை. அதிபத்தர் ஒருவராகையால் தினந்தோறும் தம் வாக்கைக் காத்தார். ஓர் ஊர் தினந்தோறும் அப்படிக் காக்க முடியாது. அத்தனை குடும்பங்களுக்கும் பசி உண்டு, கடன் உண்டு, டீசல் விலை உண்டு. ஆகவே ஊரானது, ஆண்டில் இந்த ஒரு நாளிலாவது நாங்கள் அனைவரும் ஒன்றுகூடி அந்த வாக்கைக் காப்போம் என்று ஒப்புக்கொள்கிறது. அந்த ஒப்புதலுக்கு நட்சத்திரம் சாட்சியே தவிரக் காரணமன்று.

இதுவே இந்த விசாரணையில் எனக்குக் கிடைத்த முடிவு. ஒருவர் கொடுத்த வாக்கு எப்படிக் காப்பவர் உள்ளவரையில் மட்டும் உயிரோடிருக்கிறதோ, நாளின் புனிதமும் அப்படிப்பட்டதே. அது சூரியனிடத்திலோ சந்திரனிடத்திலோ தங்கியிருப்பதன்று. அரசாங்கம் மீன் இனப்பெருக்கத்தின் பொருட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குள் செல்லத் தடை விதிக்கிறது. முன்பு 45 நாளாக இருந்தது; பின்னர் நீட்டினார்கள். மீனுக்கு இரங்கிக் கடலுக்கு ஓய்வு கொடுக்கும் இதைவிடத் தர்மமான காரியம் வேறென்ன இருக்கிறது? ஆயினும் அந்த 61 நாளையும் விரதம் என்று சொல்பவர் ஒருவரையும் நான் அந்தக் கரையில் கண்டதில்லை; தடை என்றுதான் சொல்கிறார்கள். மாசி மகத்தன்று கடலுக்குப் போவதில்லை என்பது ஊர்க் கூட்டம் கூடித் தானே தனக்கு விதித்துக்கொண்டது. இரண்டிலும் படகு மணலில்தான் கிடக்கிறது.

காப்பவர் இல்லாதபோது நாள் என்னவாகிறது என்பதற்கும் நாகையிலேயே சான்று உண்டு. கடாரம், ஸ்ரீவிஜயம் ஆகிய தேசங்களின் மன்னர் சூளாமணிவர்மரின் பெயரால் அவருடைய புதல்வர் மாறவிஜயோத்துங்கவர்மர் இங்கே எழுப்பிய சூடாமணி விஹாரத்துக்கு முதலாம் இராஜராஜ சோழர் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதை லெய்டன் செப்பேடுகள் விரிவாகச் சொல்கின்றன. கடலிலிருந்து வரும் கப்பல்களுக்கு அடையாளமாக நின்ற பௌத்தக் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டிலும் இங்கே மிஞ்சி நின்று, 1867-இல் இடிக்கப்பட்டுவிட்டது. 1856 முதல் பூமியைத் தோண்டும்போது அகப்பட்ட நூற்றுக்கணக்கான பௌத்தப் படிமங்கள் இப்போது காட்சிசாலைகளில் இருக்கின்றன. சீனத்திலிருந்தும் சாவகத்திலிருந்தும் வந்து போன பிக்ஷுக்கள் நூற்றாண்டுக் கணக்காக வைகாசிப் பௌர்ணமியைப் புத்தருடைய நாளாக இந்த ஊரில் போற்றியிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே வைகாசிப் பௌர்ணமி இன்றும் தவறாமல் நாகைக் கடலின்மீது எழுகிறது. ஏற்றம் குறையவில்லை; ஒளி குறையவில்லை. நாள் மட்டும் இல்லை.

இனி எழுதுவது எளிதன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் ஆண்டவருடைய தினமுமாகும். வேளாங்கண்ணியில் யாத்திரிகர் நிறைந்திருந்தனர். இந்துக்களுக்கு மார்கழிப் பௌர்ணமி.  நாட்களின் மேன்மையைக் கணக்கிட்டுச் சொல்பவர் எவரும் அந்தக் காலைப்பொழுதைக் குறை சொல்லியிருக்க முடியாது. சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி பிளந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமானதும் நாகைக் கரையில் கடல் ஏறிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இந்தியாவிலேயே மிகுதியான உயிர்ச்சேதம் இங்குதான். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் தப்பிய வீடுகளைவிடத் தப்பாத வீடுகள் அதிகம். இன்னார் இன்ன சமயத்தினர் என்று பார்த்துப் புதைக்க அவகாசமில்லாமல் ஒரே குழியில் பலரை இட்டு மூடினார்கள். நாகூரில் முஸ்லிம்கள் முன்னின்று சமயம் கேளாமல் பிணங்களை எடுத்து அடக்கம் செய்தார்கள்.

நல்ல நாள் நம்மைக் காக்கும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அந்த நாளுக்குப் பின் சொல்வதற்கு என்ன இருக்கிறது? எத்தனையோ பேர் எத்தனையோ சமாதானங்கள் சொன்னார்கள். பாவத்தின் பலன் என்றவர்களும் உண்டு. அத்தகைய பேச்சைக் கேட்டு அந்தத் தாய்மார் வாய் மூடி இருந்தது அவர்களுடைய பெருந்தன்மை. என் வரையில், நாள் ஒருவரையும் காப்பதில்லை, நாம்தான் நாளைக் காக்கிறோம் என்பதைத் தவிர அந்தப் பௌர்ணமிக்கு வேறு பொருள் காண எனக்குத் தெரியவில்லை. இது ஆறுதலாகுமா என்றால், ஆகாது. சுக்கிலபட்சமும் கிருஷ்ணபட்சமும் அறியாத கடலினிடம் முறையிடுவதற்கு ஒன்றுமில்லை என்ற அளவில் மட்டும் அது உண்மை.

அதன் பிறகு அந்தக் கரையில் நிகழ்ந்ததைத்தான் நான் இந்த முழு விஷயத்திலும் கவனிக்கத்தக்கதாக எண்ணுகிறேன். மாண்டவர்களுக்குத் திதி பார்த்துத் தர்ப்பணம் செய்வது இந்துக்களின் முறை. அதற்குச் சாந்திரமானக் கணக்கு வேண்டும். முஸ்லிம்களுக்கு ஹிஜ்ரி கணக்கு. கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஆயினும் ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று, இந்த மூன்று கணக்குகளிலும் மாண்டோர் நாளென்று குறிக்கப்படாத அந்த ஆங்கிலத் தேதியில், நாகை மாவட்டத்து மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. காலையில் கரைக்கு வந்து, எந்தக் கடல் கொண்டுபோயிற்றோ அந்தக் கடலிலேயே பாலை ஊற்றுகிறார்கள், பூவைத் தூவுகிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். பால் ஒரு சமயத்தின் வழக்கம், மெழுகுவர்த்தி மற்றொன்றின் வழக்கம் என்று பிரித்துச் சொல்லத் தோன்றினாலும், அங்கே நிற்பவர்கள் அப்படிப் பிரித்துக்கொள்ளவில்லை. எந்த ஆகமமும் விதிக்கவில்லை. எந்தக் குருவும் போதிக்கவில்லை. ஒரு புண்ணிய தினம் எவ்வாறு பிறக்கிறது என்பதை, வழக்கமாக நூற்றாண்டுகளின் மூட்டத்துக்குள் மறைந்துபோகும் அந்தச் செயலை, நம் காலத்தில் நம் கண் முன்பாகவே காண நேர்ந்திருக்கிறது.

2022-ஆம் ஆண்டில் டிசம்பர் 24 அன்று கந்தூரிக் கொடி ஏறிவிட்டதால், 26-ஆம் தேதி கந்தூரியின் 14 நாட்களுக்குள் விழுந்தது. மினாராவில் கொடி பறக்க, கடைத்தெருவில் தம்ரூட், வாடா என்னும் தின்பண்டங்கள் விலைபோக, அதே கரையில் சற்றுத் தள்ளி அந்தப் பாலூற்றலும் நடந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தது எவருடைய திட்டமும் அன்று. ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது, மற்றொன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது, எப்போதாவது ஒருமுறை சந்திக்கின்றன. மறு சுற்றில் அவை கூடுவதற்கு 2055 வாக்கில் ஆகும். அப்போது கந்தூரி நடக்கும் என்பதில் நாகூரார் எவருக்கும் ஐயமிராது. நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம் அது. டிசம்பர் 26-க்கு அந்த உறுதி இல்லை. அந்த அலையை நேரில் கண்டவர்களில் அன்று குழந்தையாயிருந்தவர்களுக்கே அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். அலையைக் காணாதவர்கள்தாம் பாலை எடுத்துக்கொண்டு கரைக்கு வரவேண்டியிருக்கும்.